விரால் கருவாட்டின் சாதகம்

நான் பிறந்த வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் மற்ற எல்லா வீட்டுக் குசினியிலும் மீன்குழம்பு கொதிக்கும். எங்கள் வீட்டில் கத்தரிக்காய், முருங்கைக்காய், வெள்ளிக்கிழமை என்றால் பாயாசம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான் இன்றைக்கு வயிறு வளர்ப்பது மீனால். வன்னிக் குளங்களில் என்னென்ன மீன் இருக்கிறது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா "கம்பஸில படிப்பிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவார்.

மீன் சாப்பிடாதவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்களோடு நான் நிறையச் சண்டை பிடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. துள்ளுகிற மீனைக் காட்டினால் செதிலையும் செட்டையையும் எண்ணிப் பேர் சொல்லிவிடுவேன். அதையே வெட்டிக் கழுவித் துண்டு போட்டு வைத்தால் எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்த இடத்தில்தான் மரபணு கைகொடுக்கிறது. கடையில் சவர்க்காரப் பெட்டியில் இருக்கிற கறுப்புக் கோடுகளை மெஷினுக்குக் காட்டினால் இன்ன சாமான் என்று சொல்லும் அல்லவா? மீனின் உடம்பிலும் அப்படி ஒரு துண்டு எழுத்து இருக்கிறது. நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி அறுநூற்றுச் சொச்சம் தடவை வரும். இனத்துக்கு இனம் அந்த வரிசை வேறு. செட்டை நுனியில் அரிசிமணி அளவு வெட்டி எடுத்தால் போதும். அந்தத் துண்டை மட்டும் எங்கள் மெஷினில் லட்சக்கணக்கில் பிரதி எடுத்து, கொழும்புக்கு அனுப்பி வாசிப்பித்து, உலகத்து மீன்களின் எழுத்தையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற பொதுப் பட்டியலோடு ஒப்பிடுவோம். பேர் வந்துவிடும். அதற்குத் தலை வேண்டாம், தோல் வேண்டாம், மணந்து பார்க்கவும் வேண்டாம். சைவக்காரிக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாங்குளம் சந்தியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற அக்கா இந்த வேலையால் பழக்கமானவர். அக்கா என்று கூப்பிடுகிறேனே தவிர எனக்கும் அவருக்கும் இரண்டு வயது வித்தியாசம்கூட இல்லை. அவருடைய தாய் தகப்பன் கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கே. அதனால் அவர் வாயில் இரண்டு ஊர்த் தமிழும் இருக்கும். "வாங்க மிஸ், உக்காருங்க" என்று தொடங்கி, "ஓம், அது எங்கட குளத்து மீன்தான்" என்று முடிப்பார்.

முதன்முதலாகக் குளிர்ப்பெட்டியும் கத்தரிக்கோலுமாக அவர் கடையில் போய் நின்று, ஒவ்வொரு மீனிலும் ஒரு துளி வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன். வியாபார நேரத்தில் வந்த விசரி என்று துரத்தியிருக்கலாம். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்து, எதற்கு என்று விசாரித்தார். நான் எழுத்து, வரிசை, பட்டியல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க மீனுக்குச் சாதகம் பாக்கிறீங்க" என்றார். அன்றிலிருந்து மாங்குளம் சந்தியில் எனக்குச் சாதகம் பார்க்கிற மிஸ் என்றுதான் பேர். கடைக்காரர்கள் சிலர் தங்கள் பிள்ளைகளின் சாதகத்தையும் பார்ப்பேனா என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் வலை போடுகிறவர்களிடம் அக்காதான் சொல்லி வைத்தார். வலையில் ஏதாவது புதுவிதமாக அகப்பட்டால் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். உழுவை, சுங்கான், ஆளுக்கொரு பேர் சொல்லும் குட்டிக் கெண்டைகள் என்று என் பட்டியலில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. வாரம் ஒருமுறை கம்பஸ் இருக்கிற வவுனியாவிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் மாங்குளத்தில் இறங்கி, சின்னக் குப்பிகளில் மதுசாரம் ஊற்றி, துண்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவேன். பஸ்ஸில் என்னருகே யாரும் உட்காருவதில்லை. அதனால் எனக்கு யன்னல் சீற் நிச்சயம்.

அக்காவின் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது விரால் கருவாடு. மற்றவர்கள் தலையோடு பிளந்து காயவைக்கிற மீனை இவர் தலையை நீக்கி, தோலை உரித்து, முள் எடுத்து, விரல் நீளத் துண்டுகளாகப் போட்டுக் காயவைத்தார். கண்டி வீதியால் போகிற வான்களும் கார்களும் நின்று வாங்கின. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது வசதி, செதில் இல்லை, மணம் குறைவு. கடைக்கு முன்னால் "மாங்குளம் விரால் கருவாடு" என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை. எழுதினவர் "விரால்" என்பதைப் பெரிதாக எழுதியதில் மற்ற இரண்டு சொல்லுக்கும் இடம் போதாமல் போய்விட்டது. அந்தப் பலகையை அக்கா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார்.

தலையும் தோலும் இல்லாததே வினையாகிப் போனது. யாரோ ஒருவர் கருவாட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்து, தட்டோடு படமெடுத்து முகநூலில் போட்டார். இது விரால் இல்லை, திலாப்பியாவைக் கீறிக் காயவைத்து விரால் விலைக்கு விற்கிறார்கள், மாங்குளத்தில் நிற்காதீர்கள் என்று எழுதினார். திலாப்பியா எந்தக் குளத்திலும் கொட்டிக் கிடக்கிற மீன். விரால் அப்படியில்லை. அந்தப் படம் அங்குமிங்கும் போய் ஒரு வாரத்தில் முல்லைத்தீவுவரை தெரிந்துவிட்டது. வான்கள் நிற்பது குறைந்தது. நின்றவர்களும் துண்டை எடுத்து மூக்கருகில் பிடித்து, அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு புதன்கிழமை அக்கா பஸ் ஏறி வவுனியாவுக்கு, எங்கள் ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு பை. மூன்று துண்டுக் கருவாட்டை மேசையில் வைத்து, "எனக்குப் பேர் மட்டும்தான் மிஸ் இருக்கு. அதைத்தான் எடுக்கப் பாக்கிறாங்க. சாதகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடனே ரோசம் வந்துவிட்டது. இரண்டு கிழமையில் முடிவு சொல்கிறேன், சொல்வதையும் சந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். விரால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தப் படத்தைப் போட்டவரின் மூக்கை உடைக்கப் போகிறேன் என்ற சந்தோசத்தில் இருந்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிற முஸ்லிம் அண்ணரை, அவர்கள் வழக்கப்படி, நான் நானா என்று கூப்பிடுவேன். முல்லைத்தீவுக்காரர். சின்ன வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, இப்போது நெளுக்குளத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். நான் மீனைத் தொடும்போது என் முகம் போகிற போக்கை அவர் ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. "பயப்பிடாதைங்கோ தங்கச்சி, அது செத்து ரெண்டு நாள்" என்பார். கருவாடு என்றால் என் நிலைமை இன்னும் மோசம், அவர் சிரிப்பும் இன்னும் கூடும். அதனால் வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்து வேலையை நானே தொடங்கினேன். இரண்டு முகக்கவசத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, ஆகவும் நீளமான இடுக்கியால் துண்டைப் பிடித்து, மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, விழுந்த தூளைக் குப்பியில் போட்டேன். மூன்று துண்டுக்கும் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

முடிவு ஒரு காலையில் மின்னஞ்சலில் வந்தது. மூன்று கோப்புகளையும் திறந்து, எழுத்துகளைப் பிரதி பண்ணிப் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் திலாப்பியா.

இன்னொருமுறை பார்த்தேன். திலாப்பியாதான். எழுத்துகள் ஒரு பிசகும் இல்லாமல் தெளிவாக இருந்தன. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது வீட்டிலும் வேலையிலும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது. நானாவிடம்கூடச் சொல்லவில்லை. கடதாசியில் அச்சடித்து எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மாங்குளத்தில் போய் இறங்கினேன்.

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஆறேழு பேர். எதிர்ப்பக்கத்து இரும்புக்கடை முதலாளியும் வெளியில் கதிரை போட்டு இருந்தார், அவர்தான் சந்திக் கடைக்காரர்களின் சங்கத் தலைவர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்ற புத்தி எனக்கு வரவில்லை. சந்தியில் வைத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், சொல்லுகிறேன், மூன்றும் திலாப்பியா என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கடதாசியை மேசையில் வைத்தேன்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கடதாசியைப் பார்த்தார். அதில் இருந்த எழுத்து அவருக்கு விளங்காது, அதைவிட எனக்கே அந்த நேரம் எதுவும் விளங்கவில்லை. "அது விரால் மிஸ்" என்றார், அவ்வளவுதான். நான் வந்து நின்ற முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறிவிட்டேன். யன்னலால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அடுத்த நாளே இரும்புக்கடை முதலாளி பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். சந்திக்கே கெட்ட பேர் வருகிறது, கம்பஸே சொல்லிவிட்டது, இனி விரால் என்று எழுதி வைத்து விற்க முடியாது என்றாராம். அக்கா வாதாடவில்லை. பலகையைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வழக்கமாக மலிவு விலைக்குப் போடுகிற திலாப்பியாக் கருவாட்டை மட்டும் திலாப்பியா என்றே சொல்லி விற்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வீட்டில் அம்மாவின் பாயாசத்தைக் குடித்துக்கொண்டு, நியாயத்தைச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நானாவிடம் விசயத்தைக் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கருவாட்டைக் கழுவினனீங்களோ?"

கழுவவில்லை என்றேன். ஏன் கழுவ வேண்டும் என்றும் கேட்டேன். நானா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். கருவாட்டைச் சமைக்கிற எந்த வீட்டிலும் முதலில் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே இருக்கிற உப்பைத் தேய்த்துக் கழுவி ஊற்றுவார்களாம். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. தன் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும் என்றார். நான் சுரண்டி எடுத்தது மீனை அல்ல, உப்பை. அந்த உப்பில் என்ன இருந்தது என்று போய்க் கேளுங்கள் என்றார். அவர் அன்றைக்குச் சிரிக்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றைக்குப் பின்னேரமே மாங்குளத்தில் இறங்கினேன். இறங்கி, வீதியைக் கடக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் நின்றேன். பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. அக்கா என்னைக் கண்டார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கதிரையை மட்டும் வழக்கம்போல இழுத்துப் போட்டார். நான் அதில் இருக்காமல், நின்றபடியே, எப்படி உப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் எழும்பி, என்னைக் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய நீலப் பீப்பாய். மூடியைத் திறந்து காட்டினார். கலங்கிய உப்புத் தண்ணீர், மேலே நுரையும் செதிலும் மிதந்தன. முதலில் திலாப்பியாவை இதில் ஊறவைத்து எடுப்பாராம். பிறகு அதே தண்ணீரில்தான் விரால் துண்டுகளைப் போடுவாராம். புது உப்புத் தண்ணீரில் போட்டால் விரால் சட்டென்று விறைத்துக் கட்டையாகிவிடும், திலாப்பியா கிடந்து பழகின தண்ணீர் என்றால் உப்பு மெதுவாக இறங்கும், துண்டு பதமாக இருக்கும் என்றார். அவர் சொல்லி முடிக்க முதலே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விரால் துண்டுகளின் மேலே காய்ந்து ஒட்டியிருந்தது முழுக்க முழுக்கத் திலாப்பியாவின் சளியும் சதைத்தூளும். அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்த் திலாப்பியா என்று கண்டுபிடித்தவள் நான்.

மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. இதை முதலே சொல்லியிருக்கலாமே என்றும் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க எங்க மிஸ் கேட்டீங்க? வந்தீங்க, சொன்னீங்க, பஸ் ஏறிட்டீங்க" என்றார். மூடியைப் பீப்பாயில் வைத்து அழுத்தினார். "நீங்க சந்தியில வச்சுச் சொன்னீங்க. திருத்துறதெண்டாலும் சந்தியில வச்சுத்தான் திருத்தோணும்."

நான் நேரே இரும்புக்கடைக்குப் போய் முதலாளியிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் இந்தமுறை துண்டுகளைத் தானே எடுப்பதாகச் சொன்னார். ஐந்து வெவ்வேறு கட்டுகளிலிருந்து, அடியிலும் நடுவிலும் கைவிட்டு, ஐந்து துண்டை எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பையில் போட்டு, ஒட்டி, மேலே தன் கையெழுத்தை வைத்தார். தேத்தண்ணிக் கடையில் இருந்த எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள். ஒருவர் ஆறாவதாக முதலாளியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொன்னார். சந்தியில் எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர.

இந்தமுறை நானாவே பொறுப்பெடுத்தார். துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அவர் மனைவி சமையலுக்குக் கழுவுவது போலவே தேய்த்துக் கழுவினார். பிறகு மேற்பரப்பைத் தண்ணீர் கலந்து ஐதாக்கிய பிளீச்சால் துடைத்தார். சுவாலையில் காட்டிய கத்தியால் துண்டைப் பிளந்து, நடுச்சதையிலிருந்து எடுத்துத் தந்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குப்பிக்கும் பேர் எழுதினேன். எங்களிடம் முதலே இருந்த ஒரு விராலையும் ஒரு திலாப்பியாவையும் ஒப்புநோக்கச் சேர்த்துக்கொண்டோம். பிரதி எடுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். நானா ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் நான் வீட்டுக்குப் போகிறபோது பஸ்ஸில் கடைப்பக்கம் இருக்கிற யன்னலைத் தவிர்த்து மற்றப் பக்கம் இருந்தேன். ஒருமுறை மட்டும் தலையை நீட்டிப் பார்த்தேன். அக்கா ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு வழியில்லாமல் என்னையே நம்ப வேண்டியிருந்தது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

முடிவு வந்தது. முதலாவது விரால். இரண்டாவது விரால். மூன்றாவதைத் திறக்கும்போது நானா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். விரால். நாலாவதும் விரால். எழும்பித் துள்ளலாம் போல இருந்தது. ஐந்தாவதைத் திறந்தேன். குறவை.

குறவை விராலின் நெருங்கிய சொந்தம். ஆனால் வேறு இனம், உருவமும் சின்னது. தலையும் தோலும் இருந்தால் புள்ளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உரித்துத் துண்டு போட்டால் என்னால் மட்டுமல்ல, நானாவாலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் விராலோடு இரண்டொன்று கலந்து வலையில் வந்திருக்கும், அக்காவுக்கே தெரியாமல் போயிருக்கும் என்றார் நானா. திலாப்பியா என்பதுதானே குற்றச்சாட்டு, திலாப்பியா ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய் இல்லையே என்றும் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசியை ஒருமுறை சந்தியில் கவிழ்த்தது காணாதா? ஐந்தும் விரால் குடும்பம் என்று சொல்வது என்று முடிவெடுத்தேன். குடும்பம் என்பது விஞ்ஞானப்படி சரிதான். வவுனியாவிலிருந்து மாங்குளம்வரை பஸ்ஸில் அந்த வசனத்தைச் சொல்லிப் பழகினேன்.

சனிக்கிழமை காலை. முதல் நாளே சொல்லி வைத்ததால் சந்தியில் நல்ல கூட்டம். இரும்புக்கடை முதலாளி கதிரையைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். அக்கா மேசைக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முதலில் என் பிழையைச் சொன்னேன். கருவாட்டைக் கழுவாமல் சோதித்தேன் என்றதும் கூட்டத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர், பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லைப் போல என்றார். நான் பொறுத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரின் கதையைச் சொன்னேன். பிறகு ஒன்றாவது பை விரால், இரண்டாவது விரால், மூன்றாவது விரால், நாலாவது விரால் என்று வாசித்தேன். கைதட்டினார்கள். முதலாளி எழும்பி, பலகையைக் கொண்டுவரச் சொன்னார். சத்தம் அடங்கட்டும், பழகின வசனத்தைச் சொல்லலாம் என்று நின்றேன்.

அக்கா கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சாவது?" என்றார்.

பஸ்ஸில் அத்தனை தரம் பழகின வசனம் வாயில் வரவில்லை. குறவை என்றேன். முதலாளிதான் முதலில் கதைத்தார். அது விராலின்ட தம்பி தானே, அதெல்லாம் பரவாயில்லை, விடுங்கோ என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லாம விடப் பாத்தீங்களா மிஸ்?"

ஓம் என்றேன்.

"ஏன்?"

உங்களுக்காகத்தான் என்றேன். உண்மை அதுதான். ஏற்கெனவே ஒருமுறை உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன், இன்னொருமுறை வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன்.

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்காக எண்டா அண்டைக்குத் திலாப்பியா எண்டதையும் சொல்லாம விட்டிருக்கலாம். நீங்க சொன்னீங்க. நல்லாப் பழகின ஆள் எண்டும் பாக்காம, இதே இடத்தில நிண்டு சொன்னீங்க. அதாலதான் இண்டைக்கு நீங்க விரால் எண்டு சொல்லேக்க இந்தச் சனம் நம்புது" என்றார். பிறகு கையை நீட்டி என் வியர்த்த முகத்தைத் துடைத்துவிட்டார். கையில் உப்பு இருந்திருக்க வேண்டும், கண் எரிந்தது. அதுவரை அழாமல் இருந்த நான் அதைச் சாட்டாக வைத்து நன்றாக அழுதேன்.

முதலாளி பலகையை ஆணியில் மாட்டப் போனார். அக்கா அவரைத் தடுத்து, தேத்தண்ணிக் கடையில் விலை எழுதுகிற வெள்ளைச் சுண்ணக்கட்டியை வாங்கினார். பச்சை எழுத்துக்குக் கீழே, இருந்த கொஞ்ச இடத்தில், "குறவை இருந்தால் சொல்லி விற்கப்படும்" என்று எழுதினார். எழுத்து சரிந்துகொண்டு போனது. குறவைக்கு எந்த "ற" என்று என்னிடம் கேட்டுத்தான் எழுதினார். இனிமேல் வருகிற மீனைத் தோல் உரிக்க முதலே தான் பார்த்துப் பிரித்துப் போடுவதாகவும், சந்தேகம் வந்தால் மட்டும் எனக்குப் படம் அனுப்புவதாகவும் சொன்னார்.

பலகையை மாட்டிக் கொஞ்ச நேரத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஒரு வான் வந்து நின்றது. ஒரு வயதான அம்மா இறங்கி வந்து, கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பலகையை முழுக்க வாசித்தார். பச்சை எழுத்தையும் வாசித்தார், வெள்ளை எழுத்தையும் வாசித்தார். குறவை இருக்குதோ பிள்ளை, அது பத்தியத்துக்கு நல்லதெல்லோ என்று கேட்டார்.

"இல்லையம்மா" என்றார் அக்கா. "இண்டைக்கு விரால் மட்டும்தான் இருக்கு."